மாலக்கிக்கு விழுந்த இரண்டு ஓட்டு

டிரம்லாரா மாவட்டக் கால்பந்து அணி அந்த ஜூன் மாதம் பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. மாவட்டச் சங்கம் இதை மிகுந்த பொறுப்புணர்வோடு ஆராய்ந்தது. பந்தைக் கையாலும் பிடிக்கும் ஐரிஷ் கால்பந்து அது; ஆடிய பதினைந்து பேரிடம் குறை ஒன்றும் இல்லை. சங்கத்திடம் குறை இருக்க வாய்ப்பே இல்லை. அன்று பெய்த மழையிடம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் மழையைப் பதவிநீக்கம் செய்ய விதிகளில் இடமில்லாததால் அணியைப் பழக்கும் மேனேஜரை நீக்குவது என்று முடிவாயிற்று. அவர் அப்போது மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார். தான் மனமுவந்து விலகிவிட்ட செய்தியை உள்ளூர் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அடுத்த மேனேஜர் யார் என்பதில் மாவட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மாலக்கி டேவிட் என்று ஒருவன் இருந்தான். வயது ஐம்பத்தொன்று. ரொட்டி வேன் ஓட்டுபவன். பதினேழு ஊர்க் கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டு, மாலையில் மாவட்டத்தின் இருபது வயதுக்கு உட்பட்ட அணியைப் பழக்கினான். அந்தப் பையன்கள் முப்பத்தோரு வருடங்களுக்குப் பிறகு மாகாணக் கோப்பையை வாங்கி வந்தார்கள். கோப்பை ஊர் ஊராகப் போனது அவனுடைய வேனில்தான், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில், உருளாமல் இருக்க நான்கு பக்கமும் பன் அடுக்கி.

சங்கத் தலைவர் கார்னீலியஸ் ஹெஷன் அவனைப் பாலிகோரன் ஊர்க் கடைவாசலில் பிடித்தார். ஹெஷனுக்கு வீடு நிலம் விற்றுக் கொடுக்கும் தொழில். பதினோரு வருடமாகத் தலைவர். ஒரு பாக்கெட் வெண்ணெய் கேட்டாலும் முன்னால் ஒலிபெருக்கி இருப்பதுபோல் கேட்பார். மாலக்கியின் கையில் இருபது ரொட்டிகள் அடுக்கிய தட்டு இருந்தது. ஹெஷன் அவன் தோளில் கை போட்டார். தட்டைக் கீழே வைக்க வழியில்லை.

"மாலக்கி, வேலை உனக்குத்தான்."

"எந்த வேலைங்க?"

"மேனேஜர் வேலைப்பா! வேற யாரு இருக்கா? இந்த மாவட்டத்துல எந்த நாயைக் கேட்டாலும் உன் பேரைத்தான் குரைக்கும்."

மாலக்கிக்கு முகம் சிவந்துவிட்டது. "சரிங்க. நான் தயார். எப்ப ஆரம்பிக்கணும்?"

ஹெஷன் தோளிலிருந்து கையை எடுத்தார். கெட்ட வார்த்தை கேட்டவரைப்போல் ஒரு அடி பின்னால் போனார். "ஆரம்பிக்கறதா? அப்படியெல்லாம் ஆரம்பிச்சிட முடியுமா? நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல. நேர்மையா, வெளிப்படையா, யார் பக்கமும் சாயாத நடைமுறை. அது முடிஞ்சதும் நீதான்."

அன்று மாலை மாலக்கி மனைவி ப்ரீடாவிடம் சொன்னான். ப்ரீடா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். எதையும் உள்ளே பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"வேலை உனக்குத்தான்னு சொன்னாரா? எங்க பார்த்துச் சொன்னாரு?"

"என்னைப் பார்த்துத்தான்."

"உன் கண்ணையா, கையில இருந்த ரொட்டியையா?"

மாலக்கி யோசித்தான். ரொட்டியை என்றுதான் ஞாபகம்.

நடைமுறை ஜூலையில் தொடங்கியது. மேனேஜரைத் தேட ஐந்து பேர் கொண்ட குழு வேண்டும். அந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் கொண்ட குழு வேண்டும். அந்த மூவர் ஆறு வாரம் கூடிப் பேசித் தங்கள் மூவரையுமே தேர்ந்தெடுத்தார்கள்: தலைவர் ஹெஷன், செயலாளர் டிம்ப்னா லோஃப்டஸ், சங்கத்தின் வக்கீல் ஒருவர். நான்காவது ஆள் வக்கீலின் மைத்துனர். ஐந்தாவது ஆள் உண்மையில், சங்கம் கூடும் விடுதியின் பக்கத்து அறையில் நடந்த தேனீ வளர்ப்போர் கூட்டத்துக்கு வந்தவர். தவறான கதவைத் திறந்துவிட்டார். உள்ளே தேநீர் சூடாக இருந்ததால் உட்கார்ந்தார். அவரும் ஒருமனதாகத் தேர்வானார்.

விண்ணப்பப் படிவம் நாற்பத்தோரு பக்கம். 'பார்வைக்கும் தொலைநோக்குக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வாழ்விலிருந்து விளக்குக' என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது. மாலக்கி, 'கண்ணாடி போட்டபிறகு இரண்டும் பரவாயில்லை' என்று எழுதினான். 'நீங்கள் பண்ணையில் ஒரு மிருகமாக இருந்தால் எந்த மிருகமாக இருப்பீர்கள்?' என்று இருபத்தாறாம் பக்கத்தில் கேட்டிருந்தார்கள். பசு என்று எழுதினான், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று. அதற்குச் சங்கம் வரவழைத்த மனநல ஆலோசகர், 'பின்னாலிருந்து உதைக்கும் சுபாவம்' என்று குறிப்பு எழுதினார். கால்பந்து பற்றி ஒரே ஒரு கேள்வி, நாற்பதாம் பக்கத்தில்: 'விளையாட்டில் ஆர்வம் உண்டா? ஆம் / இல்லை.'

படிவத்தில் முன்மொழிபவர் கையெழுத்து வேண்டும். அதற்கு மாலக்கி யோசிக்கவே இல்லை. நேராக டைக் கான்சிடைன் வீட்டுக்குப் போனான். டைக்கும் அவனும் ஐந்து வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பதினாறு வருடம் கில்ப்ராக் கிளப்புக்கு நடுக்களத்தில் ஜோடியாக ஆடியவர்கள். மாலக்கியின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் டைக், டைக்கின் அப்பாவுடைய சவப்பெட்டியைத் தூக்கியவன் மாலக்கி. இப்போது டைக் அறுபது மாடு வைத்திருந்தான், சங்கத்தில் கிளப்பின் பிரதிநிதியாக இருந்தான்.

"கையெழுத்தா? ரத்தத்துல வேணுமா, பேனாவுல வேணுமாடா?" என்றான் டைக். "எழுந்து நின்னு முன்மொழியறேன். கேட்கறவன் எவனா இருந்தாலும் கண்ணுல தண்ணி வரணும்."

அந்த வாரமே மாவட்ட அணித் தலைவன் ஓரன் டைனன் இருபத்திரண்டு ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி வேன் கதவில் செருகிவிட்டுப் போனான். 'மாலக்கி இல்லாவிட்டால் ஆட மாட்டோம்' என்று ஒரே வரி. மாலக்கி அதைப் படித்துவிட்டு வேனுக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அன்று மூன்று கடைகளுக்கு ரொட்டி தாமதமாகப் போனது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசை முடிந்ததும், விடுதியில் நேர்காணல். நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து பேரும், முன்னால் ஒரு மலை ஹாம் சாண்ட்விச்சும் இருந்தன. குழு சாப்பிட்டுக்கொண்டே கேட்டது.

"எங்க மனசுல யாரும் இல்ல," என்று ஹெஷன் தொடங்கினார். "காலியான மனசோட உட்கார்ந்திருக்கோம். இந்தக் குழுவோட மொத்த பலமே அந்தக் காலிதான்."

வக்கீல் தலையாட்டினார். வக்கீலின் மைத்துனர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். தேனீக்காரர் மட்டும் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"பையனுங்களுக்கு உன்னைப் பிடிக்குமா?"

"பிடிக்கும்னுதான் நினைக்கிறேன்."

"அந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரல்ல இல்ல," என்றாள் டிம்ப்னா. கேள்வியும் பதிலும் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன.

முடிவில் குழு அவனுடைய திட்டத்தை எழுத்தில் கேட்டது. மாலக்கி தயாராகவே வந்திருந்தான். ரொட்டி ஆர்டர் புத்தகங்களின் பின்பக்கங்களில் மூன்று மாதமாக எழுதிய எண்பது பக்கம். எந்த எதிரணிக் கோல்கீப்பர் எந்தக் காலால் உதைப்பான், எந்தப் பையனுக்கு அப்பா செத்த மாதத்தில் ஆட்டம் சரியும், நம் கோல்கீப்பர் பந்தை உதைக்கும் முன் எல்லைக்கோட்டில் நிற்பவர் இடது கையை உயர்த்தினால் நடுக்களத்து இருவர் இடம் மாறிக்கொள்ள வேண்டும். எல்லாம் இருந்தது. டிம்ப்னா அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரகசியமா இருக்கும் மாலக்கி. இந்தச் சங்கத்துலேர்ந்து ஒரு காகிதம் வெளிய போனதா சரித்திரமே இல்ல."

அது உண்மை. மூன்று வருடக் கூட்டக் குறிப்புகள் உறுப்பினர்களுக்கே இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டு வாரம் கழித்து டிம்ப்னா தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஒரு சின்ன உதவி. ஒரே ஒரு ஆளை மட்டும் நேர்காணல் பண்ணினா வெளிப்படைன்னு சொல்லிக்க முடியாதில்ல? அதனால சும்மா பேருக்கு இன்னொருத்தரையும் கூப்பிடறோம். கால்பந்து பத்தி பத்து கேள்வி எழுதிக் குடு. எங்க யாருக்கும் அவ்வளவு தெரியாது."

மாலக்கி பத்துக் கேள்வி எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் மறுபடி அழைப்பு. "பதிலையும் எழுதிக் குடுத்துடு. பதில் தெரியாம அவர் சொல்றது சரியா தப்பான்னு எப்படிப் பார்க்கறது?"

பதிலையும் எழுதிக் கொடுத்தான்.

அந்த இன்னொருத்தர் பெயர் லோர்க்கன் வாட்டர்ஸ் என்று அப்போதுதான் தெரிந்தது. தலைநகரத்துக்காரர். இளவயதில் இரண்டு தேசியப் பதக்கம் வாங்கியவர். அதன்பிறகு பதினான்கு வருடமாகத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஒவ்வொரு மேனேஜரும் என்ன தப்பு செய்தார் என்று சொல்லி வருபவர். தான் எந்த அணியையும் பொறுப்பேற்காததால் இதுவரை ஒரு தப்பும் செய்யாதவர். அவருக்கு மைதானத்தைச் சுற்றிக் காட்ட ஆள் வேண்டும் என்று மூன்றாவது அழைப்பு வந்தது. மாலக்கி வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினான். வாட்டர்ஸ் வழி முழுக்கத் தொலைபேசியில் பேசினார். இறங்கும்போது அவர் மடியில் இருந்த ஸ்கோன் ரொட்டித் துகள்களை மாலக்கி தட்டிவிட்டான்.

ப்ரீடா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தக் கல்யாணத்துல நீ மாப்பிள்ளையா, கார் டிரைவரா?"

"சும்மா பேருக்குத்தான் அவரைக் கூப்பிட்டிருக்காங்க, ப்ரீடா. டைக்கும் அப்படித்தான் சொல்றான்."

"டைக் சொல்றானா?"

"டைக் எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்."

அவள் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். டைக்கை அவளுக்கும் பிடிக்கும்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வாக்கெடுப்பு. இருபத்துநான்கு கிளப், கிளப்புக்கு இரண்டு பிரதிநிதிகள், நாற்பத்தெட்டு ஓட்டு. விடுதி மண்டபத்துக்குள் நுழைவதற்குள் மாலக்கியின் கையை முப்பது பேர் குலுக்கினார்கள். "பேச்சே இல்ல, நீதான்" என்றார்கள். ஒருவர் கண்ணடித்தார். ஜெபம் சொன்னார்கள். சென்ற கூட்டக் குறிப்பில் இருந்த ஒரு தவறு முப்பத்தைந்து நிமிடம் விவாதிக்கப்பட்டது. அது அதற்கு முந்தைய கூட்டத்திலேயே திருத்தப்பட்ட தவறு என்று கடைசியில் தெரிந்தது. அந்தத் திருத்தத்தைத் திருத்தினார்கள். பிறகு ஹெஷன் எழுந்தார்.

"நண்பர்களே! வெளி ஆளைக் கூப்பிட்டு வர்றோம்னு சிலர் பேசறாங்க. சுத்தப் பொய். நாங்க யாரையும் கூப்பிடல. நாலு தடவை போன் பண்ணோம், ரெண்டு தடவை நேர்ல போனோம், அவ்வளவுதான். மத்தபடி ரெண்டு பேரும் எங்களுக்கு ஒண்ணுதான். மாலக்கி நம்ம மண்ணு. திரு. வாட்டர்ஸ் ஒரு சகாப்தம். இதுல எதையும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா நான் சொல்லல."

டைக் முன்மொழிந்தான். சொன்னபடியே எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, சிறுவயதிலிருந்து தொடங்கினான். சேற்றில் பூட்ஸ் மாட்டிக்கொண்டபோது மாலக்கி வெறுங்காலோடு ஆடி வென்றதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. மண்டபத்தில் பலர் மூக்கைச் சிந்தினார்கள். மாலக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தீவு கிளப்பின் பிரதிநிதி ஹனோரா முல்குவீன், அறுபத்தெட்டு வயது, எழுந்து, "நான் வழிமொழியறேன்" என்று இரண்டே சொல்லில் முடித்து உட்கார்ந்தாள்.

மாலக்கி ஏழு நிமிடம் பேசினான். பையன்களைப் பற்றிப் பேசினான். கைதட்டினார்கள். பிறகு வாட்டர்ஸ் வந்தார். விளக்கை அணைத்தார்கள். பெரிய திரை இறங்கியது. அதில் முதலில் ஒரு கழுகு பறந்தது. பிறகு திட்டம் வந்தது.

இரண்டாம் படத்திலேயே மாலக்கி நிமிர்ந்தான். கோல்கீப்பர்களின் கால்கள். அப்பா செத்த மாதம். உயர்த்திய இடது கை. ஒன்று விடாமல், அவன் எழுதிய வரிசையிலேயே, அழகான எழுத்தில் அச்சாகியிருந்தது. வாட்டர்ஸ் அதை இதற்குமுன் படித்திருக்கவில்லை போலும். திரையைப் பார்த்து நிதானமாக வாசித்துக்கொண்டே போனார்.

"வாரத்தில் மூன்று நாள் பயிற்சி. செவ்வாய்க்கிழமை மட்டும் நான் கால் மணி நேரம் தாமதமாக வருவேன், ரொட்டி வேனைக் கழுவி விட வேண்டும்."

மண்டபத்தில் தலைகள் நிமிர்ந்தன. வாட்டர்ஸும் அந்த வரியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள், உடனே எல்லாரும் தட்டினார்கள். "என்ன எளிமை பாரு!" என்றார் ஒருவர். "இவ்வளவு பெரிய மனுஷன், நம்ம ஊருக்காக வேன் கழுவத் தயாரா இருக்காரு."

மாலக்கி எழுந்துவிட்டான். "அது என் திட்டம். அது நான் எழுதினது."

"ஒழுங்குப் பிரச்சினை!" என்றார் ஹெஷன். "ஒரு வேட்பாளர் பேசும்போது இன்னொருத்தர் பேசக்கூடாது. தவிர, மாலக்கி, நீ நினைச்சதையே ஒரு மேதையும் நினைச்சிருக்காருன்னா, அது உனக்குத்தான் பெருமை."

"வேன் கழுவறதையுமா நினைச்சாரு?" என்று தேனீக்காரர் கேட்டார். அவர் கேட்டது குறிப்பில் இல்லை.

மாலக்கி டைக்கைத் தேடினான். டைக் தன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நெடுநேரம் கட்டினான்.

சீட்டுகள் எழுதப்பட்டன, மடிக்கப்பட்டன, பெட்டிக்குள் போயின. எண்ணும்போது ஒரு சிக்கல் வந்தது. இரண்டு சீட்டில் பெயர் ஐரிஷ் மொழியில், பழைய எழுத்துமுறையில் எழுதப்பட்டிருந்தது. சங்கத்தின் பெயர், முத்திரை, கடிதத் தலைப்பு எல்லாமே ஐரிஷ் மொழியில்தான் இருந்தன. அந்த மொழியைக் காப்பது சங்கத்தின் முதல் குறிக்கோள் என்று விதிப்புத்தகத்தின் முதல் வரி சொன்னது. ஆகவே யாராவது அதில் எழுதிவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. டிம்ப்னா சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். வக்கீல் இது செல்லாத ஓட்டு என்றார். கடைசியில் விடுதியில் தட்டு கழுவும் பெண்ணைக் கூப்பிட்டார்கள். பிரேசிலிலிருந்து வந்து இரண்டு வருடமானவள், மாலை வகுப்பில் ஐரிஷ் படிப்பவள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டையும் படித்தாள்.

"மாலக்கி டேவிட். ரெண்டுலயும் அதே பேரு," என்றாள்.

முடிவு அறிவிக்கப்பட்டது. லோர்க்கன் வாட்டர்ஸ், நாற்பத்தாறு. மாலக்கி டேவிட், இரண்டு.

மாலக்கி நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்தான். கதவை நோக்கி நடந்தான். கதவு இருபது அடி தூரத்தில்தான் இருந்தது, ஆனால் போய்ச்சேர அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள்.

"அந்த ரெண்டுல ஒண்ணு என்னுதுப்பா," என்றார் டன்மோய்ல் கிளப்காரர்.

"உனக்குத் தெரியணும், ஒண்ணு நான் போட்டது," என்றார் பாலிகோரன்காரர், சுற்றிலும் பார்த்துவிட்டு.

"யாருகிட்டயும் சொல்லாத. ரெண்டுல ஒண்ணு," என்று இன்னொருவர் விரலைக் காட்டினார்.

முதலில் மாலக்கி ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான். ஆறாவது ஆளுக்கு மேல் தலையை மட்டும் ஆட்டினான். கதவை எட்டும்போது இருபத்தேழு பேர் அந்த இரண்டு ஓட்டைப் போட்டிருந்தார்கள். அதில் ஹெஷனும் ஒருவர். அவருக்கு ஓட்டே கிடையாது.

கதவருகே டைக் நின்றான். கண் கலங்கியிருந்தது. மாலக்கியை இறுகக் கட்டிக்கொண்டான். "விடுடா. எல்லாரும் ஏமாத்திட்டானுங்க. ஒண்ணு என்னுது, இன்னொண்ணு யாரோ புண்ணியவான். நாம ரெண்டு பேரும் இருக்கோம்ல, அது போதும்."

"நீ இருக்கேடா," என்றான் மாலக்கி. அந்த வார்த்தையில்தான் அவனால் வெளியே வர முடிந்தது.

வெளியே தூறல். வண்டி நிறுத்துமிடத்தில் ஹனோராவும் அவள் தம்பியும் படகுத்துறைக்குப் போகக் காருக்காகக் காத்திருந்தார்கள். தீவு கிளப்புக்கு அவர்கள் இருவர்தான் பிரதிநிதிகள்.

"மன்னிச்சுக்கப்பா," என்றாள் ஹனோரா. "எங்களாலதான் அவ்வளவு நேரம் இழுத்துடுச்சு. எங்களுக்கு வீட்டுல பேசறதும் எழுதறதும் அதுதான், வேற யோசிக்கல. தம்பிக்குக் கை நடுக்கம் வேற, எழுத்து கோணலாப் போச்சு."

மாலக்கி நின்றுவிட்டான். "ரெண்டும் உங்களுதா?"

"ரெண்டும்தான். பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்துதானே எழுதினோம். ஏன்?"

பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் பாடத்தில் டைக் மூன்று வருடம் தொடர்ந்து தேறாமல் போனது அவனுக்குத் தெரியும். பரீட்சையில் தன் பெயரை எழுதவே பக்கத்தில் இருந்த மாலக்கியின் தாளைப் பார்த்தவன் டைக்.

திரும்பி மண்டபத்துக்குள் போனான். மேடையில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. புதிய மேனேஜரின் உதவிக் குழுவை ஹெஷன் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கில்ப்ராக் கிளப்பின் டைக் கான்சிடைனுக்கு. டைக் மாவட்ட நிறத்தில் புது ஜாக்கெட் போட்டு நின்றான். முதுகில் அவன் பெயர் ஏற்கெனவே தைத்திருந்தது. தைக்கக் கொடுத்தால் குறைந்தது பத்து நாளாகும்.

படியிறங்கி வந்தவனை நடைபாதையில் மாலக்கி மறித்தான்.

"எந்த மொழியில எழுதின, டைக்?"

"என்னது?"

"சீட்டு. எனக்கு விழுந்த ரெண்டும் ஐரிஷ்ல இருந்தது. நீ எதுல எழுதின?"

டைக் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தான், பிறகு கீழே இறக்கினான். பொய் சொல்லத் தொடங்கி, விட்டுவிட்டான்.

"நான் உன்னை முன்மொழிஞ்சேனா இல்லையா?"

"முன்மொழிஞ்ச."

"மண்டபமே அழுதுச்சா இல்லையா?"

"அழுதுச்சு."

"அதை எல்லாரும் பார்த்தாங்கடா. ஓட்டை யாரு பார்த்தா? ஊரறிய உனக்குச் செய்ய வேண்டியதை நான் சரியாத்தான் செஞ்சேன்." அவன் குரலில் உண்மையாகவே மனத்தாங்கல் இருந்தது. "எனக்கு ஐம்பத்தொண்ணு ஆச்சு, மாலக்கி. அறுபது மாட்டைத் தவிர யாரும் என் பேச்சைக் கேட்டதில்ல. அவங்க வந்து கேட்டாங்க. நீ மேனேஜரா வந்திருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பியா?"

"உன் பேரை முதல் பக்கத்துலயே எழுதியிருந்தேன்," என்றான் மாலக்கி. "அவங்க அந்தப் பக்கத்தை மட்டும் உனக்குக் காட்டல போல."

ஹெஷன் புகைப்படத்துக்குக் கூப்பிட்டார். டைக் ஒரு கணம் நின்றான். பிறகு போனான்.

மாலக்கி வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். திட்டம் திருடுபோனதைக் கேட்டு ப்ரீடா ஹெஷனைத் திட்டினாள், நாற்பத்தாறு ஓட்டைக் கேட்டு மாவட்டத்தைத் திட்டினாள். டைக் பற்றிச் சொன்னபோது திட்டவில்லை. தேநீர் போட எழுந்து போனவள் கெட்டில் கொதித்து அடங்கியும் திரும்பாமல் அங்கேயே நின்றாள்.

இருபத்திரண்டு ஆட்டக்காரர்களின் எதிர்ப்பு வியாழக்கிழமைவரை நீடித்தது. அன்று ஓரன் டைனனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. 'தப்பா நினைக்காதீங்க மாலக்கி. நாங்க ஆடணும்ல.' மாலக்கி அதில் தப்பு ஒன்றும் காணவில்லை. 'நல்லா ஆடுங்க' என்று பதில் போட்டான். சங்கத்திலிருந்தும் கடிதம் வந்தது. நேர்மையான நடைமுறையில் பங்கேற்றதற்கு நன்றி, தங்கள் திட்டத்தின் அசல் பிரதியில் நாற்பத்திரண்டாம் பக்கத்துக் கையெழுத்து புரியவில்லை, தெளிவாக எழுதி அனுப்பவும். ப்ரீடா அதை அடுப்பில் போட்டாள். மறுநாள் ரொட்டிச் சுற்றில், யாருக்கும் சொல்லாமல், மாலக்கி அந்தப் பக்கத்தைத் தெளிவாக எழுதி ஓரன் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டான். பையன்கள் தோற்க வேண்டும் என்று நினைக்க அவனால் முடியவில்லை. முயன்று பார்த்தான், வரவில்லை.

மே மாதம் முதல் ஆட்டம், போன வருடம் பத்தொன்பது புள்ளியில் தோற்கடித்த அதே எதிரணி. போக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வேனை எடுத்தான். கூரையில்லாத பக்கத்தில், தெரிந்த முகம் இல்லாத வரிசையில் நின்றான். பாதி ஆட்டம்வரை சமமாகப் போனது. எல்லைக்கோட்டருகே வாட்டர்ஸ் கைகட்டி நின்றார். அவர் பக்கத்தில் டைக்.

ஐம்பதாவது நிமிடம் டிரம்லாரா கோல்கீப்பர் பந்தைத் தரையில் வைத்தான். டைக்கின் இடது கை உயர்ந்தது. நடுக்களத்து இருவர் இடம் மாறினார்கள். எதிரணி இருவரும் தவறான ஆளைத் துரத்தினார்கள். பந்து தனியாக நின்ற ஓரனின் கையில் விழுந்தது, அவனிடமிருந்து இன்னொருவன், அவனிடமிருந்து வலைக்குள். மூன்று மாதம் ரொட்டி வேனில் உட்கார்ந்து மனதுக்குள் அவன் பார்த்த கோல் அது, அடி பிசகாமல். மாலக்கி கத்தினான். முன்பின் தெரியாத ஒரு கிழவரைத் தூக்கிவிட்டான். இறக்கும்போது பார்த்தான். எல்லைக்கோட்டில் டைக் இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்தை நோக்கித் திரும்பி நின்றான். மண்டபத்தில் மூக்கைச் சிந்திய அதே ஆட்கள் அவன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மாலக்கி கிழவரின் தொப்பியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். "மன்னிச்சுக்குங்க" என்றான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழே இறங்கினான்.

வேனுக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினான். அப்படியும் சத்தம் கேட்டது. ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எந்தக் கூச்சல் எந்தப் பக்கத்துடையது, எந்தப் பெருமூச்சு எந்தத் தவறிய உதைக்கு என்று அவனுக்குத் தெரிந்தது. கடைசி விசில் கேட்டதும் வண்டியைக் கிளப்பினான்.

வாயிற்கதவில் ஒழுங்குபடுத்த நின்ற ஆள் கையைக் காட்டி நிறுத்தினார். நாள் முழுக்கச் சாலையைப் பார்த்தபடி நின்றவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. மாவட்டக் கொடியை மழைக்கோட்டுப் பொத்தானில் குத்தியிருந்தார். ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"என்ன ஆச்சுப்பா? ஜெயிச்சிட்டோமா?"

மாலக்கி அவரைப் பார்த்தான்.

"ஜெயிச்சிட்டாங்க," என்றான்.